வாசகர் கேள்வி பதில்: கதை எங்கே என்று கேட்டவர்களுக்கு

போன மாதம் இந்தப் பக்கத்தில் 'ரஷ்யன் ஆர்க்' என்ற படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். முழுப் படமும் ஒரே ஷாட், நடுவில் ஒரு வெட்டுக்கூட இல்லை, கிடைத்தால் பாருங்கள் என்று. வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி ஆச்சரியம். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான் என்று தோன்றியதால் இந்த முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

"அக்கா, நீங்கள் சொன்னீர்களே என்று தேடிப் பிடித்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் கண் சொக்கிவிட்டது. யாரோ ஒருவர் பேசிக்கொண்டே நடக்கிறார், கமராவும் பின்னால் நடக்கிறது, கதை என்று ஒன்று தொடங்கவே இல்லை. கூடப் பார்த்த சிநேகிதிகள் எல்லாரும் 'கமரா வேலை அபாரம்' என்றார்கள், படம் பிடித்தது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. குறை என்னிடமா, படத்திலா?"
ஒரு வாசகி, ஹட்டன்

உங்களிடம் ஒரு குறையும் இல்லை தங்கச்சி. நானும் முதல் தடவை பார்த்தபோது நடுவில் தூங்கிவிட்டேன், எந்த இடத்தில் என்றும் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகப் படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002 இல் வந்தது, இயக்கியவர் அலெக்சாண்டர் சொகுரோவ். படம் இருட்டில் தொடங்குகிறது. ஒரு குரல் மட்டும் கேட்கிறது, ஏதோ விபத்து நடந்தது, அதற்கு மேல் ஞாபகம் இல்லை என்கிறது. கண் திறந்தால் பழைய காலத்து உடுப்புப் போட்ட இளசுகள் சிரித்துக்கொண்டே ஒரு அரண்மனையின் பக்கவாசலால் உள்ளே ஓடுகிறார்கள். குரலுக்கு உடம்பு கிடையாது, கமரா பார்ப்பதுதான் அதன் பார்வை. துணைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து சேருகிறார், 1839 இல் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்துப் புத்தகம் எழுதிய மார்க்கி த கஸ்தீன் என்பவரை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம். இந்த இரண்டு பேரும் அறை அறையாக நடக்கிறார்கள். ஒரு அறையில் பேரரசர் பீட்டர் ஒரு படைத்தலைவரைப் போட்டு அடிக்கிறார், வேறொன்றில் அரசி கேத்தரின் நாடக ஒத்திகை பார்க்கிறார், இன்னொரு கதவைத் திறந்தால் நம் காலத்து ஆட்கள் அருங்காட்சியகம் பார்க்க வந்து நிற்கிறார்கள். முந்நூறு வருடம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குகிறது, ஆனால் வரிசையாக இல்லை, எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தக் காலம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் 'கதை'.

எடுத்த விதம்தான் எல்லாரும் பேசுவது. சென் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம், முன்பு ஜார் மன்னர்களின் குளிர்கால அரண்மனையாக இருந்த இடம். 2001 டிசம்பர் 23, ஒரே நாள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நடிகர்கள், துணை நடிகர்கள், மூன்று இசைக்குழுக்கள், 33 அறைகள். டில்மன் பூட்னர் என்ற ஜெர்மன் கமராக்காரர் ஸ்டெடிகேம் என்ற கருவியில் கமராவை உடம்போடு கட்டிக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்தார். முதல் மூன்று முயற்சியும் இடையில் நின்றுபோயின. அந்த ஊர் டிசம்பரில் பகல் சின்னது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, பெட்டரியும் இன்னொரு முறைக்குத்தான் தாங்கும் என்ற நிலை. நாலாவது முயற்சிதான் நாம் பார்க்கிற படம்.

இதைக் கேட்டால் வாயைப் பிளக்கத்தான் செய்வோம். ஆனால் பாடுபட்டு எடுத்தார்கள் என்பதற்காக ஒரு படம் நல்ல படமாகிவிடாது, அந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைத்தது பெரிய காரியம்தான், சாம்பாரில் உப்பு இருந்ததா என்பது வேறு கேள்வி. உங்கள் சிநேகிதிகள் சொன்னது முதல் விஷயத்தை மட்டும்.

உப்பு இருந்தது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல நம் மலையகத் தோட்டத்துக் காமன் கூத்துக்கு வரவேண்டும்.

மாசி மாதம் கூத்துப் போடும்போது நாம் எதற்காகப் போய் விடிய விடியக் குளிரில் நிற்கிறோம்? சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மதன் எரிவான், ரதி அழுவாள், இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கதை தெரிந்துகொள்ளப் போகிறவர் ஒருத்தர்கூட இல்லை. தப்பு அடி மாறுகிற நேரம் நெஞ்சுக்குள் ஏதோ மாறுகிறதே அதற்காகப் போகிறோம், ரதியும் மதனும் லயம் லயமாக, தோட்டத்து வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக, ஆடி வரும்போது பின்னாலேயே நடக்கிறோம், நேற்றுவரை நம்மோடு கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பையன் ரதி வேஷத்தில் விடியற்காலை ஒப்பாரி வைக்கும்போது அழுதுவிடுகிறோம். அழுகிறது கதைக்காகவா? இரவு முழுக்க அவனோடு நடந்திருக்கிறோம், அவன் களைத்துப்போனதை அறிந்திருக்கிறோம், அந்தக் களைப்பும் சேர்ந்துதான் அழ வைக்கிறது. நடுராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு எரிக்கிற நேரத்துக்கு மட்டும் வந்தவருக்கு அந்த அழுகை வராது.

சொகுரோவின் படம் என்னிடம் வேலை செய்தது இந்த வழியில்தான். கடைசியில் ஒரு பெரிய நடனம் வருகிறது, 1913 ஆம் ஆண்டு, ரஷ்ய இசையமைப்பாளர் கிளின்காவின் மசூர்க்கா நடன இசை, வலேரி கெர்கியேவ் நின்று இசைக்குழுவை நடத்துகிறார், நூற்றுக்கணக்கான பேர் ஆடுகிறார்கள். முடிந்ததும் எல்லாரும் கலைந்து ஒரு பிரமாண்டமான படிக்கட்டில் இறங்கத் தொடங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரர் நான் வரவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று நின்றுவிடுகிறார். கமரா கூட்டத்தோடு இறங்குகிறது. அவ்வளவுதான் காட்சி, ஒருத்தரும் சாகவில்லை, ஒருத்தரும் அழவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒரு இடத்தில்கூட நம்மைக் கீழே இறக்கிவிடாத கமரா அந்தக் கூட்டத்துக்குள் மெதுவாகப் போகும்போது, இவர்களில் யாருக்கும் நாலு வருடத்தில், 1917 புரட்சியில், என்ன வரப்போகிறது என்று தெரியாதே என்ற நினைப்பு வந்தது, எனக்குத் தொண்டை அடைத்தது. அதே காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, ஒரு சோக இசையும் போட்டிருந்தால் 'ஆ, அழகு' என்று கடந்துபோயிருப்பேன்.

இன்னொரு இடம். ஒரு கதவைத் திறக்க வேண்டாம் என்று குரல் சொல்கிறது, பிரெஞ்சுக்காரர் திறக்கிறார். உள்ளே குளிர், பனி, ஓவியம் இல்லாத வெற்றுச் சட்டங்கள். ஒரு மனிதர் சவப்பெட்டி செய்துகொண்டிருக்கிறார். 1941 இலிருந்து 1944 வரை ஜெர்மன் படை அந்த நகரத்தைச் சுற்றிவளைத்துப் பட்டினி போட்ட காலம் அது. ஓவியங்களை முன்கூட்டியே தூர இடத்துக்கு அனுப்பிவிட்டுச் சட்டங்களை மட்டும் சுவரில் விட்டுவைத்தது உண்மையில் நடந்தது. அந்த அறைக்குள் ஓரிரு நிமிடம்தான் இருக்கிறோம், பிறகு கதவு மூடுகிறது, மறுபடி தங்கமும் கண்ணாடியும். வெட்டு இருந்திருந்தால் அது வேறு ஒரு காலத்தின் காட்சி என்று மூளை பிரித்து வைத்துவிடும். வெட்டு இல்லாததால் அந்த அறை பக்கத்து அறையாகவே இருந்துவிடுகிறது, நடன மண்டபத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

நான் தூங்கிய இடம் ஓவியங்களுக்கு முன்னால் நின்று நின்று பேசுகிற பகுதி. அங்கே கமராவுக்கு நடக்க வேலையில்லை, பேச்சும் நமக்கு எட்டாத பேச்சு. இரண்டாம் தடவை பார்த்தபோதும் அது இழுவையாகத்தான் இருந்தது. அதனால் நீங்கள் சொக்கிய அரை மணி நேரத்தை நான் தப்பே சொல்ல மாட்டேன்.

"வெட்டாமல் எடுப்பது என்ன அதிசயம்? ஹிட்ச்காக் அந்தக் காலத்திலேயே செய்துவிட்டார், நம் பார்த்திபனும் செய்தார். எல்லாம் ஒரே வித்தைதானே?"
ஒரு வாசகர், மஸ்கெலியா

ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றில்லை. ஹிட்ச்காக் 1948 இல் 'ரோப்' எடுத்தபோது ஃபிலிம் சுருள்தான் இருந்தது, ஒரு சுருள் பத்துப் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அதற்கு மேல் ஓட முடியாது. அதனால் ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் கமராவைக் கொண்டுபோய் இருட்டாக்கி, அங்கே அடுத்த சுருளை ஒட்டினார். சொகுரோவுக்கு டிஜிட்டல் வந்துவிட்டது, படத்தை நேரே ஹார்ட் டிஸ்கில் பதிந்தார்கள், அதனால்தான் அந்த ஒன்றரை மணி நேரம் சாத்தியமானது. பார்த்திபனின் 2022 'இரவின் நிழல்' ஒரே ஷாட்டுக்குள்ளேயே காலத்தை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுக் கதை சொல்லப் பார்த்தது, அங்கே கதைதான் முதலாளி, கமரா கூலி. சொகுரோவிடம் அது தலைகீழ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கலப்படமே இல்லை' என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஷாட் என்பது நிஜம். ஆனால் எடுத்த பிறகு கணினியில் நிறைய வேலை செய்தார்கள். குறுக்கே தெரிந்த வயர்களை அழித்தார்கள், பனி சேர்த்தார்கள், நிறம் மாற்றினார்கள், சில இடங்களில் வேகத்தைக்கூடக் கூட்டிக் குறைத்தார்கள். சத்தம் முழுக்கப் பிறகு சேர்த்தது. இதனால் படத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

"தூக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மிச்சத்தை மறுநாள் பார்க்கலாமா?"
ஒரு வாசகி, நாவலப்பிட்டி

வேறு எந்தப் படத்தையும் பார்க்கலாம். இதை மட்டும் வேண்டாம், நிறுத்தினால் நீங்களே அதில் ஒரு வெட்டுப் போட்டுவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள்.

"நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன். என் ஆட்சேபம் கதையைப் பற்றியது இல்லை. முந்நூறு வருட ரஷ்யாவைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ராஜாவும் ராணியும் நடனமுமாகவே காட்டியிருக்கிறார். அந்தத் தரையைத் துடைத்தவர்கள் எங்கே? 1917 எங்கே? தொழில்நுட்பத்தைப் பார்த்து மயங்கி இதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்களோ என்று எனக்கு வருத்தம்."
ஒரு வாசகர், பதுளை

ஐயா, இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். நீங்கள் சொல்வது சரி. போன மாதக் குறிப்பில் இதை நான் எழுதியிருக்க வேண்டும்.

படத்தில் பணியாட்கள் இல்லாமலில்லை. வெள்ளை உறை போட்ட கையில் தட்டு ஏந்தி ஓரமாக நிற்கிறார்கள், கதவு திறக்கிறார்கள், விருந்து மேசையில் பீங்கான் அடுக்குகிறார்கள். ஆனால் கமரா ஒரு தடவைகூட அவர்களுக்குப் பின்னால் நடப்பதில்லை. அதுதான் முக்கியம். இந்தப் படத்தில் கமராவுக்கு எந்த அறைக்குள்ளும் போகும் சுதந்திரம் இருக்கிறது, காலத்தைக்கூடத் தாண்டிப் போகிறது, குசினிக்கு மட்டும் போகவில்லை. வெட்டு இல்லாத படம் எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டுகிறது என்று ஒரு எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. நடக்கிற பாதையைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அவர் எந்தப் பக்கம் திரும்பவில்லை என்பது ஷாட்டுக்குள் தெரியாது.

தோட்டத்துத் துரைமாரின் பழைய பங்களாப் புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துரையும் துரைசாணியும் நாற்காலியில், நாய் காலடியில், பின்னால் தூணோரம் ஒரு ஆள் தட்டோடு நிற்பார், முகம் பாதி நிழலில். படத்துக்கு அடியில் துரையின் பெயர் இருக்கும், நாயின் பெயர்கூட இருக்கும். நம் முன்னோர் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்ததை 1823 இலிருந்து கணக்கு வைத்து 2023 இல் இருநூறு வருடம் என்று நாம் நினைவுகூர்ந்தோம், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்த நடையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூணோரத்து ஆள்தான் ஞாபகம் வருவார்.

1917 பற்றிக் கேட்டீர்கள். அதே அரண்மனைக்குள் இன்னொரு ரஷ்ய இயக்குநர் முன்பே போயிருக்கிறார். ஐசன்ஸ்டைன், புரட்சியின் பத்தாவது ஆண்டு நிறைவுக்காக எடுக்கப்பட்டு 1928 இல் வெளிவந்த 'அக்டோபர்'. அவர் வெட்டுவதில் ராஜா. இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கி அரண்மனைப் படியில் ஏறுகிற காட்சி அதில் வருகிறது. ஏறுவார், வெட்டு, மறுபடி ஏறுவார், வெட்டு, மறுபடியும் ஏறுவார், நடுநடுவே ஒன்றுக்கு மேல் ஒன்றாக அவருடைய பதவிப் பெயர்கள் எழுத்தில் வரும், மனிதர் மேலே போய்ச் சேரவே மாட்டார். அந்த ஆட்சியைப் பற்றி ஐசன்ஸ்டைன் என்ன நினைத்தார் என்பதை ஒரு வசனம் இல்லாமல் வெட்டே சொல்லிவிடுகிறது. எழுபது வருடத்துக்கு மேல் கழித்து சொகுரோவ் அதே அரண்மனையில் வெட்டவே மாட்டேன் என்று நின்று, பிரபுக்களைப் படியில் மெதுவாக இறங்கவிடுகிறார். ஒருவர் ஏறவிடாமல் வெட்டினார், மற்றவர் இறங்குவதைக் கடைசி ஆள்வரை பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருடைய அரசியலும் அவர்கள் படியில் என்ன செய்தார்கள் என்பதிலேயே இருக்கிறது. உங்கள் மாணவர்கள் யாராவது இப்போது ஆசிரியர்களாக இருந்தால் இந்த இரண்டு படிக்கட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் ஐயா, ஒரு பாடவேளை போதும்.

அதனால்தான் 'தொழில்நுட்பம் மட்டும்தான், விஷயம் இல்லை' என்று சொல்கிறபோது நான் ஒத்துக்கொள்வதில்லை. விஷயம் இருக்கிறது, நமக்குப் பிடிக்காத விஷயமாக இருக்கலாம், அதை எடுத்த விதத்துக்குள்தான் தேட வேண்டும். சொகுரோவ் அந்த உலகத்துக்காக ஏங்குகிறார். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. ஆனாலும் அந்தப் படிக்கட்டில் எனக்குத் தொண்டை அடைத்தது, இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

"அக்கா, உங்கள் குறிப்பைப் படித்த பிறகு எங்கள் தோட்டத்து லயத்தை ஒரே ஷாட்டில் இருபது நிமிடம் எடுக்கலாம் என்று நானும் இரண்டு கூட்டாளிமாரும் முடிவு செய்திருக்கிறோம். ஒரு போன்தான் இருக்கிறது, ஆடாமல் பிடிக்கிற கருவி எதுவும் இல்லை. கதை இன்னும் யோசிக்கவில்லை. யோசனை சொல்லுங்கள்."
ஒரு வாசகர், தலவாக்கலை

தம்பி, கதை பிறகு வரட்டும், முதலில் நடக்கிறதுக்கு ஒரு காரணம் கண்டுபிடியுங்கள். சொகுரோவின் பிரெஞ்சுக்காரர் அதற்குத்தான் இருக்கிறார், அவர் முன்னால் போவதால்தான் கமரா போகிறது, இல்லாவிட்டால் ஏன் அந்த அறைக்குப் போகிறோம் என்று நமக்கே புரியாது. உங்கள் லயத்தில் காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற ஒரு அக்காவின் குடத்துக்குப் பின்னால் போங்கள். குடம் நிறைகிறவரை கமரா நிற்கட்டும், நிறையும் சத்தம் மாறுவது கேட்கும் இல்லையா, அது முடியட்டும். அவர் தூக்கி இடுப்பில் வைத்து நடக்கும்போது நீங்களும் நடங்கள். நிறைகுடத்தோடு யாரும் ஓட மாட்டார்கள், அதனால் உங்கள் கமராவும் ஓடாது, வேகம் தானாகவே அமைந்துவிடும். இஸ்தோப்புத் திண்ணை வழியாக ஒவ்வொரு காம்பரா அறையாகக் கடக்கும்போது எந்த வாசலில் திரும்புவது, எதைத் திரும்பாமல் கடப்பது என்பதுதான் உங்கள் படம். பதுளை ஆசிரியர் எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள்.

ஆடாமல் இருக்க: போனை இரண்டு கையாலும் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடித்து, குதிகால் முதலில் படும்படி வையுங்கள். மழை பெய்த அடுத்த நாள் வேண்டாம், நம் படிக்கட்டுகளை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், பதினெட்டாவது நிமிடத்தில் அழைப்பு வந்தால் எல்லாம் போச்சு. மூன்று நாலு ஜிபியாவது இடம் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தலைவலி வெளிச்சம். வெளியே மலையில் வெயில், உள்ளே காம்பரா கும்மிருட்டு. வாசலைத் தாண்டின உடனே போன் திணறும், முதலில் எல்லாம் கறுப்பாகி, பிறகு மெல்ல வெளுக்கும். அதனால் மூட்டம் போட்ட காலையாகப் பாருங்கள், நம் பக்கம் அதற்கா பஞ்சம், வெளி வெளிச்சமும் உள் வெளிச்சமும் அப்போது கிட்டத்தட்ட வரும். உள்ளே இருக்கிற பல்பை மாற்றி வெளிச்சம் கூடியதாகப் போடுங்கள். அப்படியும் திணறினால் வாசலில் இரண்டு மூச்சு நேரம் நில்லுங்கள், வெளியிலிருந்து வந்தால் நம் கண்ணும் அப்படித்தானே பழகுகிறது.

சத்தத்துக்கு இன்னொரு போனை இரவல் வாங்கி நடிக்கிறவர் சட்டைப் பையில் வைத்துப் பதியுங்கள், பிறகு சேர்க்கலாம். கமரா இல்லாமல் பத்துத் தடவையாவது நடந்து பாருங்கள், எந்த வாசலில் யார் எப்போது வருகிறார் என்று எல்லாருக்கும் மனப்பாடம் ஆகவேண்டும்.

கடைசியாக, முக்கியமாக. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா ஒரு குடும்பத்தின் முழு வீடு, அங்கே மறைவு என்று ஒன்று ஏற்கெனவே இல்லை. அடுப்படியில் நிற்கிறவர், பாயில் படுத்திருக்கிற வயசாளி, எல்லாரிடமும் முதல் நாளே போய் என்ன எடுக்கிறோம், யாருக்குக் காட்டுவோம் என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வாசலைக் கடந்து போங்கள், மூடிய கதவும் படத்தில் இருக்கட்டும். எடுத்து முடித்ததும் முதலில் அந்த லயத்துக்கே போட்டுக் காட்டுங்கள். பிறகு எனக்கும் அனுப்புங்கள், நான் காத்திருப்பேன்.

"இதேபோல் அடுத்து எதைப் பார்க்கலாம்?"
ஒரு வாசகி, பண்டாரவளை

நேர் எதிரானதைப் பாருங்கள். சோவியத் இயக்குநர் டிசிகா வெர்தோவின் 'மேன் வித் எ மூவி கமரா', 1929. நடிகர் இல்லை, வசனம் இல்லை, எழுத்துக்கூட இல்லை, நகரமும் தொழிற்சாலையும் வேலை செய்கிற கைகளும்தான். இது முழுக்க முழுக்க வெட்டு. ஒரு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிற படம் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு ஒரு பெண் மேசையில் குனிந்து ஃபிலிம் துண்டுகளைப் பிரித்து அடுக்குவதைக் காட்டுவார்கள், அவர் கையில் அசையாமல் இருந்த குழந்தை முகம் அடுத்த கணம் சிரிக்கத் தொடங்கும். அந்தப் பெண் எலிசவேத்தா ஸ்விலோவா, நிஜமாகவே இந்தப் படத்தைத் தொகுத்தவர், வெர்தோவின் மனைவி. நம் ஸ்டோரில் தேயிலை பொறுக்குகிற பெண்களின் விரல்கள் எனக்கு அங்கே ஞாபகம் வந்தன, அதே குனிவு, அதே வேகம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, தூக்கம் வராது.

"இப்படிப்பட்ட படங்கள் படித்தவர்களுக்கு மட்டும்தானா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போட்டால் 'என்னத்தப் பாக்குறீங்க' என்று எழுந்து போய்விடுவார்கள்."
ஒரு வாசகர், கொட்டகலை

நான் இரண்டாம் தடவை பார்த்தது என் அப்பாயியோடு. முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்தவர், படிக்கத் தெரியாது, ரஷ்யா எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. லெப்டொப்பை மேசையில் வைத்துப் போட்டுவிட்டு, இதை ஒரு ஆள் உடம்பில் கமராவைக் கட்டிக்கொண்டு நிறுத்தாமல் நடந்தே எடுத்தார் என்று மட்டும் சொன்னேன். எழுந்து போகவில்லை. அரசர்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கேத்தரின் ராணி பனியில் ஓடும்போது மட்டும் "வயசான காலத்துல விழுந்துருவா" என்றார். மற்ற நேரமெல்லாம் அவர் பார்த்தது அந்தக் கமராக்காரரைத்தான், படத்தில் ஒரு இடத்திலும் தெரியாத மனிதரை. கமரா படி ஏறினால் அப்பாயியின் தோள் லேசாக நிமிரும். கதவில் சற்று நின்றால் "எளப்பாறுறான்" என்பார். கூடையை முதுகில் போட்டு, கயிறு தலையில் அழுத்த, செங்குத்து மலையில் ஏறி இறங்கிய உடம்புக்கு அந்த நடை புரிந்திருக்கிறது. ஓவியப் பகுதியில் நான் மறுபடி கொட்டாவி விட்டேன், அவர் விடவில்லை.

கடைசிப் படிக்கட்டில் கூட்டம் இறங்க இறங்க, "இன்னும் எறக்கி வைக்கலியா?" என்று கேட்டார். இல்லை அப்பாயி, இன்னும் கொஞ்சம்தான் என்றேன். அரண்மனையின் வாசல் ஒன்று திறந்து, வெளியே நீராவி எழும்புகிற கடல் மட்டும் தெரிந்து, படம் முடிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் பயலுக்கு எத்தனை பேர் போட்டாங்க?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்', அதுதான் சம்பளக் கணக்கு. ஒரே நாளில் எடுத்தது அப்பாயி, என்றேன்.

"ஒரு பேர்தானா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து பிளேன்டீ ஊற்றப் போனார்.